எண்ணெய்க் கிணற்று சப்மெர்சிபிள் பம்ப் ஏன் நின்றது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி செக்காலையில் எனக்கு மோட்டாருக்குக் காயில் கட்டும் ஒரு சின்ன வைண்டிங் கடை. அதற்கு முன்னால் 16 வருடம் வளைகுடாவில், பாலைவனத்து எண்ணெய்க் கிணறுகளில் ஈ.எஸ்.பி. எனப்படும் மின்சார சப்மெர்சிபிள் பம்ப்புகளை இறக்குவதும், கெட்டதை ஏற்றுவதும், ஏற்றியதைப் பிரித்துப் பார்ப்பதுமாகப் போயிற்று. தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர்ப் பக்கத்துப் பையன்கள் டிப்ளமோ முடித்துவிட்டு அதே வேலைக்குப் போகிறார்கள். இரவு பதினொரு மணிக்கு, "அண்ணே, கிணறு டிரிப் ஆகிருச்சு, என்ன பாக்கணும்?" என்று போன் வரும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

நம்ம ஊர் போர் பம்ப்பும் எண்ணெய்க் கிணற்றுப் பம்ப்பும் ஒன்றுதானா?

ஒரே குடும்பம். இரண்டிலும் மோட்டார் கீழே, பம்ப் மேலே, திரவம் நடுவிலிருந்து உள்ளே போகிறது. அடுக்கடுக்காக இம்பெல்லர் என்ற சுழல் சக்கரங்கள், ஒவ்வொரு அடுக்கும் கொஞ்சம் அழுத்தத்தைக் கூட்டித் தள்ளுகிறது.

அளவுதான் வேறு. வீட்டு போரில் ஒன்று, ஒன்றரை எச்.பி.; அங்கே சில நூறு எச்.பி. இங்கே அடுக்குகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அங்கே நூற்றுக்கணக்கில் இருக்கும். 2,000, 3,000 மீட்டர் ஆழம், 100 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூடு, ஆயிரக்கணக்கான வோல்ட். மோட்டார் ஒன்றே ஒரு வளவு வீட்டுத் தூணைவிட நீளமாக இருக்கும், ஆனால் அதன் குறுக்களவு நம்ம கைச் சாணுக்குள் அடங்கிவிடும். ஏழங்குலக் குழாய்க்குள் போய்வர வேண்டியதாயிற்றே.

இன்னொரு முக்கியமான வித்தியாசம், மோட்டாருக்கும் பம்ப்புக்கும் நடுவே இருக்கும் புரொடெக்டர். மோட்டாருக்குள் நிரப்பியிருக்கும் எண்ணெய் சூட்டில் விரியும், ஆறினால் சுருங்கும். அதற்கு இடம் கொடுத்துக்கொண்டே, வெளியே இருக்கும் உப்புத் தண்ணீரை உள்ளே விடாமல் தடுப்பது இதன் வேலை. பம்ப்பின் பளுவைத் தாங்கும் திரஸ்ட் பேரிங்கும் இதற்குள்தான்.

இந்தப் பம்ப்பை உருவாக்கியவர் அர்மைஸ் அருத்யூனோவ் என்ற ஆர்மீனியர். ரஷ்யாவில் தொடங்கி அமெரிக்காவின் ஓக்லஹோமாவுக்குப் போய், 1920-களின் கடைசியில் எண்ணெய்க் கிணற்றில் ஓட்டிக் காட்டினார். அடிப்படை அமைப்பு அன்றைக்கு இருந்ததுதான் இன்றைக்கும்.

"மோட்டார் எரிந்துவிட்டது" என்று அறிக்கை எழுதினால் போதாதா?

போதாது. இந்தப் பக்கத்தை எழுதுவதே இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். பத்துக் கிணற்றில் கோளாறு என்றால் பாதிக்கு மேல் கடைசியில் மோட்டாரோ கேபிளோ எரிந்துதான் நிற்கும். மணல் தின்றாலும், வாயு புகுந்தாலும், வால்வைத் திறக்க மறந்தாலும் முடிவில் சாவது மோட்டார்தான். சாவு வீட்டுக்குப் போய், "எப்படி இறந்தார்?" என்று கேட்டால், "மூச்சு நின்றுவிட்டது" என்று சொல்வது போன்ற பதில் அது.

நாலு கேள்விகளைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கோளாறு எப்படித் தெரியவந்தது? எந்தப் பாகம் கெட்டது? அது எந்த விதத்தில் கெட்டது? ஏன் கெட்டது? முதலாவது கிணறு நின்ற அன்றே தெரியும். அடுத்த இரண்டுக்கும் கழற்றிப் பார்த்தால் பதில் கிடைக்கும். நாலாவதுக்கு, கிணற்றின் கதை முழுவதும் வேண்டும்: எப்போது இறக்கினார்கள், எத்தனை தடவை நின்றது, யார் என்ன மாற்றினார்கள் என்பதெல்லாம்.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஏழே மாதம் ஓடிய பம்ப். மோட்டார் கருகியிருந்தது. அடி பிளக்கைத் திறந்து எண்ணெயைக் கண்ணாடி ஜாடியில் பிடித்தோம். காபி டிகாக்‌ஷன் நிறத்தில் எண்ணெய், அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர். "புரொடெக்டர் ஒழுகிவிட்டது, கம்பெனிக்காரன் தலையில் கட்டு" என்று எல்லோரும் எழுந்துவிட்டார்கள். பெரியவர் ஒருவர் மட்டும், "இரு, புரொடெக்டரை அறை அறையாகத் திற" என்றார். மேல் அறையில் கிணற்றுத் தண்ணீர், அது வழக்கம்தான். நடு அறையில் எண்ணெய் லேசாகக் கலங்கியிருந்தது. மோட்டாரை ஒட்டிய கீழ் அறையில் எண்ணெய் பளிச்சென்று இருந்தது. தண்ணீர் மேலிருந்து வந்திருந்தால் கீழ் அறையைத் தாண்டாமல் மோட்டாருக்கு எப்படிப் போகும்? அப்புறம் கேபிள் மோட்டாருக்குள் நுழையும் பாட்ஹெட்டைக் கழற்றினோம். கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் ஒரு பக்கம் நசுங்கி, நகக்கீறல் மாதிரி ஒரு வெட்டு. புழுதிக்காற்று அடித்த ஓர் இரவில் அவசரமாகப் பொருத்தியது. பொருத்தியவர்கள் எங்கள் ஆட்களேதான். அன்றைக்கு யாரும் அதிகம் பேசவில்லை.

கிணறு நின்றுவிட்டது என்று போன் வந்தால் முதலில் என்ன செய்வது?

மறுபடி ஸ்டார்ட் பட்டனை அமுக்காமல் இருப்பது. நிறையப் பேர் தோற்பது இங்கேதான். குழாயில் நிற்கும் திரவம் கீழே இறங்கும்போது பம்ப்பைப் பின்பக்கமாகச் சுழற்றும். திரவத்தைத் திரும்ப இறங்க விடாத செக் வால்வ் இல்லாத, அல்லது ஒழுகும் கிணற்றில் இது நிச்சயம். பின்னால் சுற்றிக்கொண்டிருக்கும் சாஃப்ட்டை (மோட்டாரையும் பம்ப்பையும் இணைக்கும் சுழல் தண்டை) முன்னால் இழுத்தால் முறிந்துவிடும். அரை மணி நேரமாவது விடுங்கள், ஆழமான கிணற்றுக்கு இன்னும் கூடுதலாக.

அந்த நேரத்தில் மோட்டாரை மேலிருந்து இயக்கும் பேனலான டிரைவில் பதிவான தகவலை நகல் எடுங்கள். எந்தக் காரணத்துக்காக டிரிப் ஆனது: ஆம்பியர் ஏறியதா, இறங்கியதா, தரைக்கசிவா, கரன்ட் போய்வந்ததா? அப்புறம் மேலே இருப்பவற்றைப் பாருங்கள்: டிரான்ஸ்ஃபார்மர், ஃபியூஸ், ஜங்ஷன் பெட்டி, கிணற்று வாயின் வால்வுகள். வால்வு மூடியிருந்ததைப் பார்க்காமல், ரிக் என்ற கோபுர இயந்திரத்தை வரவழைத்து முழுப் பம்ப்பையும் ஏற்றிய கதை ஒவ்வொரு முகாமிலும் ஒன்று உண்டு.

மெக்கரில் பூஜ்யம் காட்டினால் மோட்டார் போனது என்றுதானே பொருள்?

மெக்கர் என்பது இன்சுலேஷனை அளக்கும் மீட்டர். பூஜ்யம் என்றால் எங்கேயோ இன்சுலேஷன் போயிருக்கிறது என்று பொருள். எங்கே என்று மெக்கர் சொல்லாது. மோட்டாருக்குள் மூன்று ஃபேஸும் ஸ்டார் என்ற ஒரே முனையில் சேர்வதால், ஓர் இடத்தில் தரை பிடித்தாலே (மின்சாரம் வெளி உலோகத்துக்குக் கசிந்தாலே) மூன்று ஒயரிலும் பூஜ்யம்தான் காட்டும்.

அதனால் படிப்படியாகப் பிரிக்க வேண்டும். கிணற்று வாயில் கேபிளைப் பிரித்து, மேல் பக்கம், கீழ்ப் பக்கம் என்று தனித்தனியாகச் சோதியுங்கள். ஃபேஸுக்கு ஃபேஸ் ஓம் அளவையும் பாருங்கள்: மூன்றும் சமமாக இருந்து தரை மட்டும் பிடித்திருந்தால் ஒரு கதை, ஒரு ஒயர் சேர்ந்த இரண்டு அளவும் திறந்து காட்டினால் அந்த ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது, அது வேறு கதை. பம்ப்பை ஏற்றும்போது, கேபிள் ஜாயின்ட் மேலே வந்ததும் வெட்டி, மறுபடி மெக்கர் வையுங்கள். மேல் துண்டு நன்றாக இருந்தால் கோளாறு இன்னும் கீழே இருக்கிறது.

கீழே அழுத்தம் அளக்கும் சென்சார் இருந்தால், அதுவும் அந்த ஸ்டார் முனையில்தான் தொங்குகிறது. தயாரித்தவர் சொன்ன முறையில் சோதிக்காவிட்டால் அளவு தப்பாக வரும், சென்சாரும் போகும்.

ஒரு வேடிக்கை. இந்த மின்சுற்றைப் பெரும்பாலும் தரையோடு இணைப்பதில்லை. அதனால் ஒரே இடத்தில் தரை பிடித்தாலும் பம்ப் பாட்டுக்கு ஓடும். சென்சார் மட்டும் செத்துப்போகும், ஏனென்றால் அதன் தகவல் வருவதும் அதே கேபிளில்தான். சென்சார் திடீரென்று மௌனமாகி, பம்ப் ஓடிக்கொண்டிருந்தால், தேவையில்லாமல் நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் மறுபடி கிளம்பாமல் போகலாம். இரண்டாவது இடத்திலும் தரை பிடிக்கும் நாள்தான் அதன் கடைசி நாள்.

ஆம்பியர் சார்ட்டை எப்படிப் படிப்பது?

பழைய பேனல்களில் தோசை அளவுக்கு ஒரு வட்டத் தாள் சுழலும், பேனா அதில் ஆம்பியரை வரையும். இப்போது எல்லாம் கணினித் திரையில் வந்துவிட்டது. ஆனால் அந்த வட்டத்தில் கற்றவர்களுக்கு இன்றும் கண் வேறு.

நல்ல கிணறு என்றால் கோடு சீரான வட்டமாக ஓடும். கோடு தடித்து, இழுத்துப் பறித்தாற்போல் ஆடினால் வாயு கலந்து வருகிறது. ஆட்டம் கூடிக்கூடி, சட்டென்று உள்ளே விழுந்து டிரிப் ஆனால் அது கேஸ் லாக், அதாவது வாயு அடைத்துப் பம்ப் தள்ளாமல் நிற்பது. ஆட்டமில்லாமல் மெல்ல மெல்ல இறங்கி, நின்று, இரண்டு மணி நேரம் கழித்துத் தானாகக் கிளம்பி, மறுபடி அதே மாதிரி இறங்கினால், கிணறு தருவதைவிடப் பம்ப் அதிகம் எடுக்கிறது. ஒரு நாளில் இதே படம் எட்டு, பத்து தடவை வந்தால் அந்த மோட்டாருக்கு ஆயுள் குறைவு. ஒவ்வொரு ஸ்டார்ட்டும் அதற்கு ஓர் அடி.

மாறாக, நாள் கணக்கில் மெல்ல ஏறிக்கொண்டே போய் ஓவர்லோடில் நின்றால், திரவம் கெட்டியாகிறது, அல்லது மணலோ உப்புப் படிவோ பிடித்து சாஃப்ட்டை இறுக்குகிறது. இங்கே மறுபடி மறுபடி ஸ்டார்ட் செய்து பார்ப்பவன் சாஃப்ட்டை முறித்துவிட்டுத்தான் ஓய்வான்.

ஒரு எச்சரிக்கை: பக்கத்துக் கிணற்றில் பெரிய மோட்டார் ஒன்று கிளம்பும்போது உங்கள் சார்ட்டிலும் ஒரு முள் எழும். அது உங்கள் பம்ப்பின் குற்றமில்லை.

சென்சார் தரும் அழுத்தங்களை வைத்து என்ன சொல்லலாம்?

தனியாகப் பார்த்தால் ஒன்றும் சொல்ல முடியாது, சேர்த்துப் பார்த்தால் ஏறக்குறைய எல்லாம் சொல்லிவிடலாம். உள்வாங்கும் இடத்து அழுத்தம், வெளித்தள்ளும் அழுத்தம், ஆம்பியர், மேலே வரும் அளவு, இந்த நான்கையும் ஒரே தாளில் வரைந்துகொள்ளுங்கள்.

உள் அழுத்தம் ஏறி, வெளி அழுத்தமும் ஏறி, ஆம்பியர் இறங்கினால், மேலே எங்கோ அடைப்பு அல்லது மூடிய வால்வு. உள் அழுத்தம் ஏறி, வெளி அழுத்தம் விழுந்து, ஆம்பியர் வெறும் மோட்டார் சுற்றும் அளவுக்குப் போய்விட்டால் சாஃப்ட் ஒடிந்திருக்கிறது. மோட்டார் ஓடுகிறது, பம்ப் ஓடவில்லை. மேலே வரும் அளவு குறைந்து, உள் அழுத்தம் ஏறி, ஆம்பியர் மட்டும் குறையாமல் இருந்தால் டியூபிங்கில் (திரவம் மேலே வரும் குழாயில்) ஓட்டை என்று சந்தேகப்படுங்கள்; பம்ப் ஏற்றியதே திரும்ப உள்ளே கொட்டுகிறது, அதுவே சுற்றிச் சுற்றி வருகிறது. தேய்மானம் என்றால் இதெல்லாம் மாதக்கணக்கில் மெதுவாக நடக்கும்.

வாயு புகுந்தால் பம்ப்புக்கு என்ன கேடு?

வீட்டு மோட்டாரில் ஏர் லாக் ஆனால் என்ன நடக்கிறதோ அதேதான். இம்பெல்லர் எடையுள்ளதைத்தான் வீசி எறியும். சாதாரண ரேடியல் இம்பெல்லர், சுமார் 10 சதவீதம் வாயு சேர்ந்தாலே தடுமாறும். தள்ளுவது நின்றால் மோட்டாரைக் கடந்து போகும் ஓட்டமும் நிற்கும். மோட்டாரைக் குளிர வைப்பதே அந்த ஓட்டம்தான். நொடிக்கு ஓர் அடி வேகமாவது வேண்டும் என்பது அந்த வேலையில் வாய்ப்பாடு மாதிரி. எண்ணெய் ஊறும் துளைகளுக்குக் கீழே மோட்டாரை இறக்கிவிட்டால் ஓட்டம் அதைத் தொடாமலே மேலே போய்விடும். அங்கே மோட்டாரைச் சுற்றி ஓர் உறை போட வேண்டும்.

சாஃப்ட் ஒடிந்த இடம் ஏதாவது சொல்லுமா?

நிறைய. சாஃப்ட் முனையில் கப்ளிங் மாட்டும் பற்கள் நேராக இருக்க வேண்டும். அவை முறுக்குப் பிழிந்த மாதிரி திருகியிருந்தால், ஏதோ பிடித்துக்கொண்டிருக்கும்போது மோட்டார் பலவந்தமாகத் திருப்பியிருக்கிறது. உடைந்த முகத்தில் கடற்கரை மணலில் அலை விட்டுப்போன வரிகள் போலத் தெரிந்தால், ஒரே நாளில் ஒடிந்ததில்லை. நாள்பட்ட அதிர்வில் கீறல் மெல்ல வளர்ந்திருக்கிறது. உடைந்த இரண்டு முகங்களையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்காதீர்கள். உரசினால் சாட்சி அழிந்தது.

இம்பெல்லர் மேலே தேய்ந்திருந்தால், கீழே தேய்ந்திருந்தால்?

கீழ் வாஷர் தேய்ந்திருந்தால், பம்ப் தன் வரம்புக்குக் குறைவாகவே தள்ளிக்கொண்டிருந்தது. மேல் வாஷர் என்றால் வரம்புக்கு மேல் ஓட விட்டிருக்கிறார்கள். சாஃப்ட்டைச் சுற்றித் தாங்கும் புஷ்கள் முட்டை வடிவமாகி, சுவரில் கோடு கோடாகக் கீறியிருந்தால் மணல்.

உப்புப் படிவும் துருவும்?

நம் ஊரில் வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் பிடிக்குமே, அதன் பெரியண்ணன்தான் இம்பெல்லரில் பிடிப்பதும். ஒரு சிட்டிகை சுரண்டி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு சொட்டு விடுங்கள். நுரைத்தால் கார்பனேட். அசையாமல் கிடந்தால் பேரியம் சல்பேட் போன்ற ஒன்றாக இருக்கலாம். அதற்கு அமிலம் ஊற்றிக் கரைக்கும் வைத்தியம் பலிக்காது. கறுப்பாக இருந்து, நுரைக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் வந்தால் இரும்பு சல்பைடு. முகத்தை அருகே கொண்டுபோகாதீர்கள், அந்த வாயு ஆளைக் கொல்லும்.

அதே ஹைட்ரஜன் சல்பைடு செம்பையும் தின்னும். அதனால்தான் அந்த மாதிரிக் கிணறுகளில் கேபிளின் செம்புக்கு மேல் ஈய உறை போடுகிறார்கள். உறையில் ஊசித்துளை போதும். செம்பு கறுத்து, தொட்டால் பொடியாகும்.

துருவைப் படிக்க ஆசை இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் காரைக்குடியிலேயே இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் அடிக்கல் நாட்டி, 1953-ல் திறந்தது. உலோகம் ஏன் அரிக்கிறது என்பது அங்கே தலைமுறை தலைமுறையாக நடக்கும் ஆராய்ச்சி. வீட்டு வாசலில் வைத்துக்கொண்டு, அந்தப் பாடத்தை நான் மஸ்கட்டில் போய்த்தான் கற்றேன்.

மின்சாரத்தில் கோளாறா, மோட்டாரில் கோளாறா? எப்படிப் பிரிப்பது?

மூன்று ஒயரிலும் ஆம்பியர் சமமாக இல்லை என்றால், மூன்றையும் ஒரே திசையில் ஓர் இடம் நகர்த்தி மாட்டுங்கள். சுழலும் திசை மாறாது. அதிக ஆம்பியர், சப்ளையின் அதே முனையிலேயே நின்றால் குற்றம் மேலே, சப்ளையில். மோட்டார் ஒயரோடு சேர்ந்து நகர்ந்தால் குற்றம் கீழே. தோட்டத்துத் த்ரீ-ஃபேஸ் மோட்டாருக்கும் இதே சோதனை செல்லும். மெயினை அணைத்துவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பிரிக்கும் நாளில் என்ன கவனிக்க வேண்டும்?

கழுவாதீர்கள். ஒர்க்‌ஷாப்பில் பளபளவென்று கழுவி வைத்துவிட்டு, "வாங்க, பாருங்க" என்பார்கள். மணலும் படிவும் போன பிறகு பார்க்க என்ன இருக்கிறது? ஏற்றும்போதே ஒவ்வொரு பாகத்தையும் படம் எடுங்கள். சாஃப்ட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள்: லேசா, இறுக்கமா, நரநரவென்கிறதா? புரொடெக்டரின் ஒவ்வோர் அறை எண்ணெயையும் தனிப் பாட்டிலில் பிடித்து, பெயர் எழுதி வையுங்கள். எதை எந்த வரிசையில் குறிக்க வேண்டும் என்பதற்கு ஏ.பி.ஐ. எனப்படும் அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் ஆர்.பி. 11எஸ்1 என்ற வழிகாட்டி இருக்கிறது. மேஜையைச் சுற்றித் தயாரித்தவர், கிணற்றுக்காரர் இருவருமே நிற்க வேண்டும். வாரண்டிப் பணம் யார் தலையில் என்பது அங்கேதான் முடிவாகும். அதனால் இரண்டு பக்கத்துப் பேச்சையும் பாதிக்குப் பாதி எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பம்ப் எத்தனை நாள் ஓட வேண்டும்?

கிணற்றைப் பொறுத்தது. சில வாரத்தில் போவதும் உண்டு, பல வருடம் ஓடுவதும் உண்டு. இறக்கிய சில நாளிலேயே போனால் பொருத்தியதிலோ தயாரிப்பிலோ தேடுங்கள். சராசரி சொல்பவர்களிடம் மட்டும் ஜாக்கிரதை: செத்த பம்ப்புகளை மட்டும் எண்ணி, இன்னும் ஓடிக்கொண்டிருப்பதை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் ஆயுள் குறைவாகத்தான் வரும்.

இதெல்லாம் வீட்டு போருக்கு உதவுமா?

உதவும். போன வைகாசியில் பின் தெரு ஆச்சி வந்தார். "ஏன் தம்பி, இந்த வருசத்துல மூணாவது தடவை காயில் போயிருக்கு. ஒவ்வொரு கடைக்காரனும் கரன்ட்டு சரியில்லங்குறான்."

"இந்தத் தடவை காயில் கட்டுனதும் நான் ஒரு நாள் வந்து பக்கத்துல உக்காந்து பாக்குறேன் ஆச்சி."

விடிகாலை ஐந்தரைக்குப் போய், கொல்லையில் பேனலுக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். ஒன்றரை எச்.பி. மோட்டார், வோல்டேஜ் சரியாக 230. கிளிப் மீட்டரில் பத்து ஆம்பியர். முதல் இருபது நிமிடம் தண்ணீர் முழுக் குழாயாக விழுந்தது. அப்புறம் மீட்டர் ஆட ஆரம்பித்தது, பத்து, எட்டரை, ஒன்பது, ஏழு. மாடித் தொட்டியில் குழாய் புஸ் புஸ்ஸென்று காற்றைத் துப்பியது. ஆச்சி வீட்டில் யாரும் அணைக்கவில்லை. தொட்டி நிரம்பி வழிந்தால்தான் அணைப்பது வழக்கம். வழியவே போவதில்லை, ஏனென்றால் போரில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. தண்ணீர் கடந்து போகாமல் மோட்டார் ஒரு மணி நேரம் வெந்துகொண்டிருக்கும். மூன்று தடவை கட்டிய காயிலும் இப்படித்தான் போனது.

வெளிக்குழாயில் ஒரு வால்வு போட்டு, போர் தருகிற அளவுக்கு ஓட்டத்தைக் குறைத்து, ஆம்பியர் விழுந்தால் நிறுத்தும் டிரை-ரன் கட்டுப்பாட்டை மாட்டினேன். தை பிறந்தும் அதே காயில்தான் ஓடுகிறது. எரிந்த மூன்று காயிலின் செம்பும் எடைக்கு என்ன விலை போயிருக்கும், அது ஏன் தன்னிடம் வரவில்லை என்று ஆச்சி இப்போது பழைய கடைக்காரர்களிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.